ஏறிட்டேன்

ஓசூர்
9-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தமிழரசன் எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் மாமாவும் குட்டி இலக்கியாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி தேவலையா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பது ஓசூர் வரைக்கும் கேட்கிறது. காரணம் இருக்கிறது. கம்பெனியில் எங்களைப் போன்ற லைன் லீடர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி. ஐயப்பன் சார் என்று ஒருவர் வாரம் ஒரு வகுப்பு எடுக்கிறார். ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன் தானும் ஓய்ந்து விழாமல், மற்றவர்களையும் விழ விடாமல் எப்படி ஓட்டுவது என்பதுதான் பாடம். நம்மைப் போலவே ஆட்களை நடத்துகிற ஒருவருக்குக் கையால் கடிதம் எழுதி வர வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் யாருக்கு எழுதுவது என்று தலையைச் சொறிந்தார்கள். எனக்கென்ன, என் அக்காதான் மரக்காணம் உப்பளத்துக்கே முதல் பெண் மேஸ்திரி ஆகிவிட்டாளே!

இன்னொன்றும் உண்டு. போனில் கேட்டால், "நல்லா இருக்கேன்டா, வெச்சிடறேன், லாரிக்காரன் லைன்ல வர்றான்" என்று பத்து வினாடியில் முடித்துவிடுகிறாய். கடிதம் என்றால் ஒரு பக்கமாவது நிரப்பியாக வேண்டும். அவ்வளவு நீளத்துக்குப் பொய் சொல்ல உனக்கு வராது.

அளத்தில் உன்னோடு உப்பு வாருகிற பாஞ்சாலை அத்தையைக் கேட்டதாகச் சொல். சின்ன வயதில் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனதற்காக என்னைக் கலெக்டர் ஆக்கிய ஒரே ஆள் அதுதான். இப்போதும் அப்படித்தான் சொல்கிறதா?

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
தமிழரசன்


மரக்காணம்
21-2-2025

அன்புத் தம்பி அரசுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதற்குப் போக்கிடம் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ பத்தாவதோடு ஊரைவிட்டுப் போனவன். அளத்தில் கால் வைத்ததே இல்லை. உன் சாரிடம் சொல்ல ஒரு விஷயம் தருகிறேன். வெளுப்பதற்கு முன்னால் பாத்தியில் இறங்கி உப்பு வாரத் தொடங்குகிறோம். வெயில் வந்துவிட்டால் உப்பின் வெள்ளையில் கண் கூசிப்போகும். கொஞ்சம் தள்ளி நிற்பது ஆளா, குவித்து வைத்த உப்பா என்றே தெரியாது. அதனால் எங்களுக்குக் காதுதான் கண். அன்றைய வேலை முடிகிற பத்து மணிக்கு மேஸ்திரி "ஏறு!" என்று சத்தம் கொடுக்க வேண்டும். பிறகு பேர் பேராகக் கூப்பிட வேண்டும். பாத்தியை விட்டு வரப்பில் ஏறியவர்கள் "ஏறிட்டேன்" என்று பதில் கொடுப்பார்கள். பத்தொன்பது பேரும் சொன்ன பிறகுதான் மேஸ்திரி ஏறலாம். எனக்கு முன்னால் இருந்த தட்சணாமூர்த்தி மேஸ்திரி காலத்திலிருந்து இதுதான் சட்டம்.

முதல் நாள் நான் "ஏறு" என்றது எனக்கே கேட்கவில்லை. கடைக்கோடிப் பாத்தியிலிருந்து பாஞ்சாலை அத்தை, "ஏம்மா மேஸ்திரி, ஆளைக் கூப்பிடறியா, கோழியைக் கூப்பிடறியா?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த சத்தம் கூனிமேடு வரைக்கும் போயிருக்கும்.

உன்னைப் பற்றிச் சொன்னேன். "கலெக்டரு இந்த வருஷம் மழையைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லி ஒரு ஆர்டர் போடுவாராமா?" என்று கேட்கச் சொன்னது. கேட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
பூங்குழலி


ஓசூர்
8-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். ஐயப்பன் சார் போர்டில் பெரிதாக "ஏறிட்டேன்" என்று எழுதிவிட்டு, அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார். எனக்குக் கைதட்டல் வேறு. நியாயமாக அது பாஞ்சாலை அத்தைக்குச் சேர வேண்டியது.

உனக்கு அவர் சொல்லச் சொன்னது: எல்லா வேலையையும் நீயே இழுத்துப் போட்டுக்கொள்ளாதே, நம்பிக்கையான ஒரு ஆளிடம் பாதியை ஒப்படை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் எல்லோரையும் உட்காரவை, நீயும் உட்கார். வீட்டுக்குப் போனதும் போனை எட்டாத இடத்தில் வை.

ஒரு கேள்வியும் கேட்டார். மேஸ்திரி எல்லோரையும் கூப்பிடுகிறார், மேஸ்திரியை யார் கூப்பிடுகிறார்கள்? அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தமிழரசன்


மரக்காணம்
2-4-2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். இலக்கியாவுக்குப் பரீட்சை நடக்கிறது. உனக்கு இருமல் என்று போனில் தெரிந்தது, வெந்நீர் குடி.

மேஸ்திரியை யாரும் கூப்பிடுவதில்லை என்று உன் சாரிடம் சொல். கூப்பிடுகிற வாயை எதற்குக் கூப்பிடுவது? எல்லோரும் ஏறியதும் நான் தானாக ஏறுவேன்.

மற்றபடி அவர் நல்ல மனுஷனாகத்தான் தெரிகிறார். இப்போது ஏழரை மணிக்கு எல்லோரையும் வரப்பில் உட்காரவைத்து மோர் கொடுக்கிறேன். முதலில், "என்னம்மா, ஸ்கூல்ல இண்டர்வெல் விடற மாதிரி" என்று கிண்டல் செய்தார்கள். இப்போது ஐந்து நிமிஷம் தாமதமானால் என்னையே முறைக்கிறார்கள். கிழக்குப் பக்கம் முழுவதையும் பாஞ்சாலை அத்தையிடம் விட்டுவிட்டேன். நிம்மதியாக இருக்கிறது.

அத்தையிடம் ஒரு கெட்ட பழக்கம், கூப்பிட்டதும் ஏறாது. "இன்னும் ஒரு வரிதான்" என்று வாரிக்கொண்டே இருக்கும். சில நாள் பாத்தியில் நின்றபடியே "ஏறிட்டேன்" என்று சொல்லிவிடும். எனக்குத் தெரியாதா? வரப்பில் நின்று சொல்கிற குரல் காற்றோடு வரும். பாத்திக்குள்ளிருந்து சொல்வது தாழ்ந்து, தண்ணீரை ஒட்டி வரும். "பொய் சொல்லாத அத்தை, ஏறு!" என்று அதட்டினால் சிரித்துக்கொண்டே ஏறும்.

முதலாளி சக்கரபாணிக்குத்தான் இன்னும் சந்தேகம். பொம்பளை மேஸ்திரி மே மாதத்தைத் தாண்டுவாளா என்று கடைத்தெருவில் யாரிடமோ கேட்டாராம். பார்க்கட்டும்.

பூங்குழலி


ஓசூர்
24-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. நீங்கள் எல்லோரும் வெயிலில் பத்திரமாக இருங்கள்.

எங்கள் லைனில் இந்த மாதம் மூச்சு விட நேரமில்லை. முப்பத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு மாத இறுதிக்குள் சொன்ன எண்ணிக்கையைக் கொடுத்தாக வேண்டும். புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள் முதல் வருஷத்தில் சொன்ன சொல் தவறவே கூடாது, ஒரு தடவை தவறினால் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள் என்கிறார்கள். உனக்கும் அதேதான், அக்கா. சக்கரபாணியின் வாயை அடைக்க வேண்டுமானால் மே மாதம் ஒரு லோடுகூடக் குறையக் கூடாது.

பாஞ்சாலை அத்தைக்கு எங்கள் கம்பெனித் தொப்பி ஒன்று கூரியரில் அனுப்பியிருக்கிறேன். நீல நிறம். கலெக்டர் கொடுத்தது என்று சொல்லிப் போடச் சொல்.

தமிழரசன்


மரக்காணம்
12-6-2025

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். மாமாவும் இலக்கியாவும் நலம். எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

தொப்பி வந்தது.

மே மாதம் ஒரு லோடும் குறையவில்லை. பதினெட்டுக் குரலும் கூப்பிட்டதும் வந்துவிடுகின்றன. ஒன்று மட்டும் கொஞ்சம் தாமதமாகிறது. அது வரும்வரை நின்றுவிட்டு வீடு போய்ச் சேர ஒரு மணி ஆகிறது.

பாஞ்சாலை அத்தை கலெக்டரை விசாரித்தது.

பூங்குழலி


ஓசூர்
23-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ நலமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

ஏழு வாரம் கழித்து வந்த கடிதம் அரைப் பக்கம்கூட இல்லை. ஒரு கிண்டல் இல்லை. என் சாரை ஒரு வார்த்தை திட்டவில்லை. போன் செய்தால் மாமா எடுத்து, "அவ அளத்துல இருக்காப்பா" என்கிறார். மாலை ஐந்து மணிக்கு அளத்தில் என்ன வேலை? ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் உட்கார்கிறாயா, இல்லையா?

தொப்பியைப் பார்த்து அத்தை என்ன சொன்னது என்று எழுது. விசாரித்தது என்று மட்டும் எழுதினால் நம்ப மாட்டேன். அது சும்மா விசாரிக்கிற ஆள் இல்லை.

தமிழரசன்


மரக்காணம்
19-7-2025

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். மாமாவும் இலக்கியாவும் நலம்.

இந்த சீசனில் இதுவரை எடுத்த உப்பு தட்சணாமூர்த்தி மேஸ்திரியின் எந்த வருஷத்தையும் விட அதிகம். முதலாளி எல்லோர் முன்னாலும் எனக்குச் சால்வை போட்டார். எல்லோருக்கும் முன்னால் நான் இறங்கிவிடுகிறேன். கடைக்கோடிப் பாத்தியை நானே வாரிக்கொள்கிறேன். அங்கே வேறு யாரையும் விடுவதில்லை. மோருக்கு உட்காரச் சொல்லிவிட்டு நான் நின்றுகொள்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. மற்றபடி ஒன்றும் இல்லை.

பாஞ்சாலை அத்தை கலெக்டரை விசாரித்தது.

பூங்குழலி


மரக்காணம்
4-8-2025

மரியாதைக்குரிய தமிழரசன் அண்ணாவுக்கு,

நான் பாஞ்சாலையின் மகள் சங்கீதா. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். பூங்குழலி அக்கா தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்த கவரிலிருந்து உங்கள் விலாசத்தை எழுதி வைத்துக்கொண்டேன். தப்பு என்றால் மன்னிக்கவும். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா மே மாதம் இருபதாம் தேதி இறந்துவிட்டது. அளத்தில், வெயிலில் விழுந்து. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. உங்களிடம் யாரும் சொல்லக் கூடாது என்று அக்கா எல்லோரிடமும் சத்தியம் வாங்கிவிட்டார்கள். உங்கள் மாமாவிடமும்தான்.

அம்மாவுடைய இடத்தில் இப்போது நான் வேலை செய்கிறேன். ஆனால் என் பேரை அக்கா கூப்பிடுவதில்லை. பத்து மணிக்குப் பதினெட்டுப் பேரைக் கூப்பிட்டு முடித்ததும், பத்தொன்பதாவதாக "பாஞ்சாலை!" என்று கூப்பிடுகிறார்கள். நாங்கள் எல்லோரும் வரப்பில் தலையைக் குனிந்து நிற்போம். யாரும் பதில் சொல்வதில்லை. அக்கா பாத்தியிலேயே நிற்கிறார்கள். சில நாள் நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாலும் அங்கேயேதான் இருக்கிறார்கள். காலெல்லாம் புண். போன வாரம் மயங்கி உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளும் எங்களுக்கு முன்னால் வந்து இறங்கிவிட்டார்கள்.

நீங்கள் அனுப்பிய தொப்பியை அம்மா ஒரு நாளும் போடவில்லை. வெயிலில் நிறம் போய்விடும் என்று வரப்பில் மடித்து வைத்துவிட்டுத்தான் இறங்கும். அன்றைக்கும் அங்கேதான் இருந்தது.

எங்கள் அம்மா போனது போகட்டும் அண்ணா. அக்காவையாவது ஏற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
சங்கீதா


ஓசூர்
12-8-2025

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை நான் திடீரென்று வந்து நின்றபோது, "லீவு கெடச்சுதாடா?" என்று கேட்டாய். நெத்திலிக் குழம்பு வைத்தாய். காலை எங்கே மறைப்பது என்று தெரியாமல் புடவைக்குள் இழுத்துக்கொண்டாய். நான் வாய் திறக்கும் போதெல்லாம் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாய். நேருக்கு நேர் நம் இருவருக்கும் பேச்சு வராது என்பதால்தான் எழுதுகிறேன். சங்கீதா மேல் கோபப்படாதே.

மறுநாள் பஸ்ஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அளத்துக்கு வந்தேன். ரோட்டோரம் நின்று கேட்டேன். பதினெட்டுப் பேர். அப்புறம் அந்தப் பேர். நீ அதைக் கூப்பிட்ட விதம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. ஏதோ பக்கத்துப் பாத்தியில் இருக்கிற ஆளைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாய். கூப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாய். உன் முகத்தைப் பார்த்தால் உனக்கு ஏதோ கேட்கிறது என்று தோன்றியது. நானே "ஏறு" என்று கத்திவிடலாம் என்று பார்த்தேன். அப்படியே திரும்பி நடந்து பஸ் ஏறிவிட்டேன். ஒரு லோடுகூடக் குறையக் கூடாது என்று எழுதிய கை அக்கா இது.

உன் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஜூனிலும் ஜூலையிலும் "நான் நலம்" என்றே தொடங்கியிருக்கிறாய். வரப்பில் நின்று சொல்கிற குரல் எது, பாத்தியில் நின்று சொல்கிற குரல் எது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். இந்த இரண்டும் பாத்தியிலிருந்து வந்தவை. முதலிலேயே எனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

இனி நலம் என்று நீயே எழுதாதே. அதை நான் நம்பப்போவதில்லை. பக்கத்தில் இருக்கிற யாராவது எழுதட்டும்.

அரசு


மரக்காணம்
1-9-2025

அரசு,

எல்லாம் உனக்குத் தெரியாது. சங்கீதாவுக்கும் தெரியாது. அதனால்தான் அவள் என்னைப் பார்த்து இரக்கப்படுகிறாள்.

அன்றைக்கு ரோட்டோரம் லாரி நின்றது. லோடு கொஞ்சம் குறைந்தது. முதலாளி போனில் இருந்தார். நான் பத்து மணிக்குச் சரியாக "ஏறு" என்று சத்தம் கொடுத்தேன். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டேன். கடைசியில் "பாஞ்சாலை!" என்றேன். "ஏறிட்டேன்" என்று வந்தது.

தாழ்ந்து வந்தது, அரசு. தண்ணீரை ஒட்டி. அத்தை இன்னும் பாத்தியில்தான் இருக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வரி வாரினால் லோடு நிறைந்துவிடும், அதற்காகத்தான், எனக்காகத்தான் அது நிற்கிறது என்றும் தெரியும். வழக்கம்போல ஒரு அதட்டல் போட்டிருந்தால் ஏறியிருக்கும். நான் போடவில்லை. திரும்பிக்கொண்டு, "லோடு ரெடி ஆயிடும் சார்" என்று போனில் சொன்னேன்.

லோடு ரெடியாகிவிட்டது.

உன் கடிதத்தைக் குற்றம் சொல்லிப் பார்த்தேன், முதலாளியைச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. கேட்ட காது என்னுடையது. இன்றைக்கும் கூப்பிட்டால் பதில் வருகிறது. மற்றவர்களுக்குக் கேட்பதில்லை. தினமும் அதே இடத்திலிருந்து, அதே மாதிரி தாழ்ந்து வருகிறது. ஒரு நாளாவது வரப்பிலிருந்து வராதா என்று நிற்கிறேன். அது ஏறாமல் நான் எப்படி ஏறுவது? பத்தொன்பது குரலுக்குப் பிறகுதானே மேஸ்திரி?

இதைச் சங்கீதாவிடம் சொல்லப்போகிறேன். அவள் காறித் துப்பட்டும். அதற்கப்புறம் எழுதுகிறேன்.

பூங்குழலி


மரக்காணம்
28-9-2025

அன்புத் தம்பி அரசுக்கு,

மாமா சுகம். இலக்கியா சுகம், நீ வந்தபோது அவளுக்குக் கொடுத்த பேனாவால்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அது என் வேலை இல்லை என்று நீதான் சொல்லிவிட்டாயே.

சங்கீதாவிடம் சொன்னேன். துப்பவில்லை. எழுந்து போனாள். மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்து, "எங்கம்மா பொய் சொல்லும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம் ஏன் அது வாயாலயே சொல்லச் சொல்லணும்?" என்று கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். வீட்டுக்கு வந்து உன் ஆகஸ்ட் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் கேட்டதும் நீ எழுதியதும் ஒன்றுதான்: தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பக் கூடாது.

அதனால் சட்டத்தை மாற்றிவிட்டேன். இனி எங்கள் அளத்தில் யாரும் தனக்குத் தானே "ஏறிட்டேன்" என்று சொல்லக் கூடாது. இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். ஒருத்தியைக் கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கிறவள் அவளைக் கண்ணால் பார்த்து, "ஏறிட்டா" என்று சொல்ல வேண்டும். முதல் நாள் ஒரே குழப்பம். ஒருத்தி மறந்துபோய்த் தன் பேருக்குத் தானே "நான் ஏறிட்டா" என்றாள். மே மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அளத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலாளி போன் செய்து, இந்தப் புதுச் சட்டத்தால் எத்தனை நிமிஷம் வீணாகிறது என்று கேட்டார். எட்டு நிமிஷம் சார், அது வேண்டாம் என்றால் வேறு மேஸ்திரியைப் பாருங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.

பத்தொன்பதாவது பேருக்கு வாயைத் திறந்தேன். "சங்கீதா!" என்றேன். நான்கு மாதமாக என் வாயில் வராத பேர். "சங்கீதா ஏறிட்டா" என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள்.

அந்தக் குரல் நின்றுவிட்டதா என்று கேட்பாய். இல்லை. அதற்கப்புறமும் வந்தது, கிழக்கிலிருந்து, தாழ்ந்து. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்போதுதான் வரப்பிலிருந்து ஒரு சத்தம்.

"பூங்குழலி! ஏறு!"

அக்கா கிடையாது, ஒன்றும் கிடையாது. மேஸ்திரி கூப்பிடுகிற மாதிரி, பேரைச் சொல்லி. சங்கீதாதான். அந்த நீலத் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது அரசு. எல்லோரையும் கூப்பிட்ட எனக்கு, என் பேர் அந்த இடத்தில் எப்படிக் கேட்கும் என்று தெரியவே தெரியாது. உன் சாரின் கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது, சொல்லிவிடு.

குரல் இன்னும் வருகிறது. வரட்டும். அத்தை இல்லாத இடத்தில் அதுவாவது இருக்கிறது. ஆனால் அதற்காக நான் நிற்பதில்லை.

மழைக்கு முன்னால் இன்னும் ஒரு தடவை உப்பு வாருவதுதான் பாக்கி. நீ முப்பத்திரண்டு பேரை நடத்துகிறாய். நீ சுகம் என்று நீயே எழுதி அனுப்புவதை நானும் இனி நம்பப்போவதில்லை. உன் லைனில் உன் பக்கத்தில் நிற்கிறவர் யார்? அடுத்த கடிதத்தில் அவர் கையெழுத்தில் ஒரு வரி வேண்டும்.

இந்தக் கடிதத்தின் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.

உன் அக்கா,
பூங்குழலி

தமிழரசன் அண்ணாவுக்கு: அக்கா ஏறிட்டாங்க. பக்கத்துல நின்னு என் கண்ணால பார்த்தேன். இப்போ வரப்புல உக்காந்து மோர் குடிக்கிறாங்க. – சங்கீதா